யாரும் பேசாத அலைவரிசை

வாக்கி டாக்கி பழுது பார்ப்பது என் தொழில். நன்றாக வேலை செய்கிற செட்டை எடுத்துக்கொண்டு இதுவரை என்னிடம் ஒருவரும் வந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் "கேக்குதா, கேக்குதா" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கும் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஏலத்தில் எடுத்த செட்டுகள்

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர், ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய டிஜிட்டல் செட்டுகளை ஏலத்தில் எடுத்து வந்தார். லாரி ஏற்றும் இடத்துக்கும் கமிஷன் கடைக்கும் பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. செட்டுகள் பளபளவென்று இருந்தன. வாயைத்தான் திறக்கவில்லை.

சோதித்துப் பார்த்தால் எல்லாம் டிரங்கிங் செட்டுகள். சாதாரண ஏற்பாட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அலைவரிசை உண்டு. பட்டனை அழுத்தினால் பேச்சு நேராகப் போகும். டிரங்கிங்கில் நாலைந்து அலைவரிசைகள் எல்லோருக்கும் பொது. எது காலியாக இருக்கிறதோ அதை டவர் அப்போதைக்கு ஒதுக்கிக் கொடுக்கும். அந்த உத்தரவைச் சொல்வதற்கென்றே ஓர் அலைவரிசை, மனுஷக் குரலே இல்லாமல், ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். டவர் இல்லையென்றால் செட்டுகள் உத்தரவுக்குக் காத்துக்கொண்டு சும்மா கிடக்கும். மாற்றித் தரலாமென்றால் பழைய கம்பெனிக்காரர்கள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தார்கள். பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்ற தன் லோடுமேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இங்க நிக்கற ஆளோட பேசறதுக்கு எதுக்குங்க டவரு?"

பட்டனை அழுத்தியது யார்

நத்தம் ரோட்டில் ஒரு நூற்பாலை. அதன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். புதிதாக டிஜிட்டல் செட்டுகள் வாங்கியிருந்தார்கள். மாட்டிக் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தைகூட விளக்காமல் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேனேஜர் கையில் அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் சின்ன ரிசீவர் ஒன்று இருந்தது. அதில் ஓர் அலைவரிசையில் மட்டும் எந்நேரமும் 'கர்ர்ர்' என்று சத்தம். யாரோ பேசும் பட்டனை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

யாரென்று தேடியபோது சிக்கியவர், பெண்கள் ஹாஸ்டல் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த செல்வமேரி அக்கா. கன்னிவாடிக்காரர். அவர் செட்டில் மட்டும்தான் மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். செட்டின் மேல் சாய்ந்து தூங்குகிறார், அதனால்தான் பட்டன் அமுங்கியே கிடக்கிறது என்று, ஷிப்ட் மாறும் நேரத்தில், ஷெட் வாசலில், வேலை செய்யும் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் சத்தம் போட்டிருக்கிறார். அன்றே அனுப்பியும்விட்டார். இனி வரும் ஆளுக்குச் செட்டை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லித்தர வேண்டுமாம். "தூங்குன ஆளை அனுப்பியாச்சு சார், ஆனா சத்தம் மட்டும் இன்னும் நிக்கல."

எல்லாவற்றையும் அணையுங்கள்

அந்த வார்த்தையிலேயே எனக்கு ஒட்டன்சத்திரத்துச் செட்டுகள் ஞாபகம் வந்தன. இரண்டு பேரை ஷெட்டின் இரு முனைகளில் நிறுத்தி, விட்டு விட்டுப் பேசச் சொன்னேன். ரிசீவரில் முதல் பேச்சு ஓர் அலைவரிசையில் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பேசியபோது அதே ஆட்களின் குரல் இன்னொன்றில் வந்தது. டிரங்கிங்தான், சந்தேகமே இல்லை. அடுத்து, மில்லில் இருந்த செட்டுகள் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்து அணைக்கச் சொன்னேன். அணைத்தார்கள். கர்ர்ர் அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. டவர் உத்தரவு சொல்கிற அலைவரிசை அது. அதற்கு எந்தப் பட்டனையும் யாரும் அழுத்த வேண்டியதில்லை.

பேட்டரி விஷயம் இன்னும் வேதனை. ஹாஸ்டல் கேட் இருக்கும் மூலையில் சிக்னல் மோசம். அங்கே நிற்கிறவர் கையில் இருக்கும் செட், டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். என்னை முன்னமே கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. மேனேஜர் மேஜைமேலிருந்த செட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இங்க சரியா கேக்க மாட்டேங்குதுன்னு அந்தம்மா சொல்லிக்கிட்டேதான் சார் இருந்துச்சு."

பூ மார்க்கெட்டில்

மேனேஜர் கெட்ட மனிதரில்லை. மறுபடி வேலை தருவதாகச் சொல்லி என்னையே தூது அனுப்பினார். அக்கா திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். டூட்டியில் தூங்குகிற ஆள் என்ற பேச்சு பரவிவிட்டதால் வேறெந்த மில்லிலும் அவரைக் கேட்டில் நிறுத்தவில்லை. மேஜைமேல் செட்டுகளை அணைத்துப் பார்த்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. அவர் பூவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டார். "நான் அமுக்கலங்கிறது எனக்குத் தெரியும் தம்பி. தூங்குனேன்னு அம்புட்டுப் பிள்ளைக முன்னாடி சொன்னாருல்ல, அதே வாசல்ல நின்னு தூங்கலன்னும் சொல்லச் சொல்லுங்க. மறுநாளே வாரேன்."

மேனேஜர் சொன்னது

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் ஷிப்ட் மாறி ஷெட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த நேரம் அது. நாலு எட்டு வைத்தால் வாசல். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "வேலைதான் தர்றேங்கிறேனே சார், அதெல்லாம் எதுக்கு?"

மில் டவரின் ஆண்டெனாவை உயர்த்திக் கட்டிக் கொடுத்ததில் இப்போது அந்த மில்லில் யார் பேசினாலும் ஹாஸ்டல் கேட் வரைக்கும் கணீரென்று கேட்கிறது. ஷெட் வாசலில் கேட்டிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் இன்னும் யாரும் பேசவில்லை.