நீல விளக்கு எரியும் பெட்டி

தையல்காரருக்கு அந்தத் தெருவில் 'தள்ளுபடி' என்றொரு பெயர் உண்டு. வைத்தவன் அவருடைய மனைவியின் தம்பி. ஆனால் அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்த யாருக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

குளியலறைக் குழாயைச் சிவப்புப் புள்ளி பக்கம் திருப்பினால் சில்லென்ற தண்ணீர் வரும். நீலப் புள்ளி பக்கம் திருப்பினால் கை வெந்துவிடும். கை கழுவும் தொட்டி ரோஜா நிறம், அதைத் தாங்கும் கால் வெள்ளை. மின்விசிறியின் இறக்கைகளில் ஒன்று மட்டும் பழுப்பு. எல்லாமே 'பாதி விலை' என்று எழுதிய அட்டைக்குக் கீழே அவர் கண்டெடுத்த செல்வங்கள்.

"அக்காவையும் தள்ளுபடியிலதான் எடுத்தீங்களா மாமா?" என்று மைத்துனன் வரும்போதெல்லாம் கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தையல்காரரும் சிரிப்பார். அவர் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போனதே இல்லை.

அவர் மனைவிக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாது. பாத்திரம் கழுவிக் கழுவி விரலிடுக்குகள் வெடித்து, தண்ணீர் பட்டாலே உயிர் போகும். கையில் துணி சுற்றிக்கொண்டுதான் கழுவுவாள். கழுவிக்கொண்டே பேசுவாள். "கட்டிக்கிட்டு வந்ததிலேருந்து ஒரு டம்ளராவது கழுவியிருப்பீங்களா? அந்த ஊசி நூலோட உங்க உலகம் முடிஞ்சுபோச்சு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவருக்கு அப்படிச் சுட்டது.

சரக்கைத் தள்ளிவிடும் கடையில் அந்தப் பாத்திரம் கழுவும் மெஷினைப் பார்த்த நாளில், அவருக்குக் கண்ணில் நீர் தளும்பியது. ஒன்றுதான் வெளியே இருந்தது. கடைக்காரர் பட்டனைத் தொட்டார். நெற்றிப்பொட்டு போல ஒரு நீல விளக்கு எரிந்தது.

"ஷோரூம்ல பார்வைக்கு வச்சிருந்த பீஸ் சார். ஒரு கீறல் கிடையாது. திருப்பி மட்டும் எடுக்க மாட்டோம்."

வீட்டில் குழாய் இணைக்க வந்த பிளம்பர் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தையல்காரரை மெதுவாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, மோட்டாரும் இல்ல, பம்பும் இல்ல. விளக்குக்கு ஒரு ஒயர் போகுது, அவ்வளவுதான். இது அழகுக்கு வைக்கிற டம்மி. உள்ள காத்துதான் இருக்கு."

அதே நேரம் மனைவி வாசல்படியில் வந்து நின்றாள். துணி சுற்றிய கையால் மெஷினின் தலையைத் தடவினாள், பிள்ளையைத் தடவுவது போல. "அப்பாடா, இனிமே என் கை பொழச்சுது."

தையல்காரர் பிளம்பரைப் பார்த்தார். கெஞ்சும் அந்தக் கண்களை என்னவென்று சொல்வேன்! பிளம்பர் தகட்டைத் திரும்ப மூடினார்.

"நல்ல மெஷின், அக்கா" என்றார். கூலி வாங்கும்போது தையல்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடியக்காலையிலதான் கரண்ட் சீரா வரும். நானே போட்டுடறேன். நீ தண்ணிகிட்டயே வராதே" என்று தையல்காரர் மனைவியிடம் சொன்னார்.

அன்றிலிருந்து விடியலில் அவர் எழுவார். தையல் மெஷினில் நூலைக் கழற்றிவிட்டு, அதன் மிதியின்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைப்பார். தையல் மெஷினின் மோட்டார் இரைய ஆரம்பிக்கும். அந்த இரைச்சலின் மறைவில், தொட்டியில் குனிந்து நின்று ஒவ்வொரு பாத்திரமாகத் தேய்ப்பார். துடைத்து அந்தக் காலிப் பெட்டிக்குள் அடுக்குவார். அரைத்தூக்கத்தில் இரைச்சலைக் கேட்டு அவள் நிம்மதியாகப் புரண்டு படுப்பாள்.

அவள் கை ஆறியது. அடிப்பிடித்த சட்டிகளைக்கூடக் கவலையில்லாமல் உள்ளே தள்ளினாள். "கெடக்கட்டும், மெஷினுக்கு என்ன வலிக்கவா போவுது?" என்பாள். தெரு முழுக்கப் பெருமை பேசினாள். ஒருநாள் அவரிடமே, "உங்களைவிட இதுக்குத்தான் என்மேல பாசம் ஜாஸ்தி" என்றாள். அவர் தலையாட்டினார்.

அவர் விரல்கள் வெடித்தன. பட்டுத்துணியைத் தொட்டால் தோலின் சொரசொரப்பில் இழை மாட்டி உருவிக்கொண்டு வந்தது. ஒரு வாடிக்கையாளர் சட்டையை மேசையில் வீசினார். "இது தையல்காரர் கையா, மரம் அறுக்கறவர் கையா?"

பட்டுத் தைப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் கேட்டால், தொழில் மந்தம் என்றார்.

ஒரு ஞாயிறு மதியம், மாமியாரும் மைத்துனனும் சாப்பிட வந்தார்கள். கை கழுவிவிட்டு வந்த மைத்துனன் கேலி பேசவில்லை.

"மாமா, ஒத்துக்கறேன். இந்த ஒரு விஷயத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்க. அம்மாவுக்கு விரல் மடங்க மாட்டேங்குது. அதே கடையில இன்னொண்ணு இருக்காம். நாளைக்கே எடுத்துடலாம்னு இருக்கேன். ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க."

"போடுங்களேன்" என்றாள் மனைவி, முகமெல்லாம் பூரித்து. "இன்னைக்கு ஒருநாள் பட்டப்பகல்ல ஓடட்டும். இவர் வாங்கினதுலயே உருப்படியானது இதுதாம்மா!"

தட்டுகளை அவளே அடுக்கிக் கதவைச் சாத்தினாள். தையல்காரர் பட்டனை அழுத்தினார். நீல விளக்கு எரிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

கரண்ட் குறைவு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மாமியாரின் கோணிய விரல்கள் கண்ணில் பட்டன. சொல்ல முடியவில்லை.

"அதை வாங்காதே தம்பி" என்றார். "இது ஓடாது. என்னைக்குமே ஓடினதில்ல."

திருப்புளியை எடுத்துப் பின் தகட்டைக் கழற்றிக் காட்டினார். மைத்துனன் குனிந்து பார்த்தான். அடுத்த கணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஐயோ மாமா! காலி டப்பாவுக்கா காசு குடுத்தீங்க!"

"வாயை மூடுடா" என்றார் மாமியார்.

மனைவி சிரிக்கவில்லை. "அப்போ இத்தனை நாளா பாத்திரமெல்லாம் யார் கழுவினது?"

தையல்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதுவே பதிலாகிவிட்டது. அவள் அந்தக் கைகளை இழுத்துப் பிடித்தாள். தன் கையில் ஆறிப்போன அதே வெடிப்புகள், அதே இடங்களில்.

"கரி பிடிச்ச அந்தச் சட்டியெல்லாம்..."

"நீ வச்சதெல்லாந்தான்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "என்கிட்ட சொல்றதுக்கென்ன? தெருவெல்லாம் சொல்லிவச்சேனே! இதுக்கு வலிக்கவா போவுதுன்னு வேற சொன்னேனே, பாவி!"

"பயமா இருந்துச்சு" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "இதுக்கும் ஒரு பேர் வச்சிருவாங்கன்னு."

மைத்துனனின் சிரிப்பு பாதியில் அறுந்தது. அவன் தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

மனைவி தட்டுகளை வெளியே எடுத்துத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறக்கப் போனாள். தையல்காரர் பதறி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "தண்ணியில கை வைக்காதே."

எல்லார் முன்னாலும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே தேய்க்கத் தொடங்கினார். முகம் காதுமடல் வரை சிவந்திருந்தது. அவள் உலர்ந்த துணியோடு பக்கத்தில் நின்று, தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தாள். பழக்கதோஷத்தில் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடுக்கினாள். அவள் கண்ணீர் விழுந்த தட்டுகளை மறுபடியும் துடைக்க வேண்டியிருந்தது.

நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்கத் தலை நிமிர வேண்டும். அவர் நிமிரவில்லை.