அத்தை வீட்டுச் சுவரில் தலைவர்

என் அத்தை நூல் ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். எங்கள் நாட்டில் புரட்சி நடத்தி ஆட்சிக்கு வந்த தலைவரின் அரசு அந்த ஆலையை எடுத்துக்கொண்டு, அவருக்கு இரண்டு அறைகள் கொண்ட வீடு கொடுத்தது. அதே அரசு, அவருடைய அண்ணனான என் அப்பாவின் செருப்புக் கடையையும் எடுத்துக்கொண்டது. அத்தை கூடத்தில் தலைவரின் படத்தை மாட்டினார். அது இருக்கும்வரை அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொன்ன அப்பா, பன்னிரண்டு ஆண்டுகள் ஏறவே இல்லை.

அத்தை மகளின் திருமணம் அந்தக் கூடத்தில்தான் நடக்கவிருந்தது. அண்ணன் இல்லாமல் அதை நடத்த மனமின்றி, அத்தை எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"ஒரு நாளைக்குக் கழட்டி வச்சா நீ என்ன குறைஞ்சா போயிடுவே?" என்றார் அப்பா.

"நீ போனதும் திரும்ப மாட்டுவேனே. அது உன்னை ஏமாத்துற மாதிரி இல்லையா அண்ணே?"

அத்தை படத்தைக் கழற்றவில்லை. ஆனாலும் திருமணத்தன்று அப்பா முதல் ஆளாக வந்து, படத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"உன் தலைவர் என் முதுகைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். நீ மாப்பிள்ளையைக் காட்டு."

"முதுகையாவது காட்டுனியே," என்றார் அத்தை, கண்ணைத் துடைத்தபடி.

விருந்தினர் போன பின்பும் இருவரும் ஆலையையும் கடையையும் பற்றி வாதாடினார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்பின் ஞாயிறுதோறும் அப்பா அந்த வாதத்துக்காகவே அங்கே போனார், நானும் உடன் போனேன். அந்தக் குரல்கள் கேட்காத ஞாயிறுகள் எனக்கு இன்னும் பழகவில்லை.