வெல்டாவின் இன்வெர்ட்டரும் மெர்வினின் காதும்

மெர்வின் ஊருக்குள் சாமான் வாங்கப் போயிருந்த ஒரு மதியம் பாலைவனத்தில் காற்று எழும்பியது. அவனுடைய டிரெய்லர் வீட்டுக்கு முன்னால் விரித்திருந்த துணிப்பந்தல் படபடவென்று அடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கம்பியோடு பிய்ந்து கூரைமேல் விழுந்திருக்கும். பக்கத்து டிரெய்லரிலிருந்து வெல்டா இறங்கி வந்தாள். எழுபதைத் தாண்டியவள். மணல் கண்ணில் அடிக்க அடிக்க அந்தப் பந்தலை ஒற்றை ஆளாகச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர் டிரெய்லரின் ஜன்னலில் நான் இருந்தது அவளுக்குத் தெரியாது.

மெர்வின் திரும்பி வந்ததும் கத்தினான். "என் பந்தலை எவனோ தொட்டிருக்கான்!"

"நான் தொட்டிருந்தா கிழிச்சில்ல போட்டிருப்பேன்," என்றாள் வெல்டா, தன் வாசற்படியில் நின்றபடி.

அவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் மற்றதெல்லாம் சண்டைதான்.

நெப்ராஸ்காவின் சோளக் காடுகளுக்கு நடுவே பிறந்தவள் வெல்டா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவள். வண்டி நிறையப் பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. ஊரில் பனி விழத் தொடங்கியதும் கணவன் ஆர்லோவை ஏற்றிக்கொண்டு, டிரெய்லரை வண்டியில் கோத்துக்கொண்டு, அரிசோனாவுக்கு வந்துவிடுவாள். எங்கள் பாலைவனத்தில் அப்படி வந்து தங்குகிறவர்கள் நிறையப் பேர். குழாயும் கரண்ட் கம்பமும் இல்லாத அரசாங்க நிலம். குளிர் முடியும்வரை இருந்துவிட்டுப் போகலாம். நான் ஊருக்குள் ஒரு சலவைக் கடையில் வேலை செய்துகொண்டு, இந்தப் பாலைவனத்திலேயே வருஷம் முழுக்க டிரெய்லரில் இருப்பவள். ஒடிலியா என்றால் எல்லாருக்கும் தெரியும். கடவுள் கிருபையால் எல்லாரோடும் எனக்குப் பேச்சு உண்டு. வெல்டாவோடும்.

ஆர்லோ பேசுவதே காதில் விழாது. அவ்வளவு சாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி அவனுக்கு. முகத்தில் மூடி மாட்டி, குழாய் வழியே காற்றைத் தள்ளுகிற ஒரு மெஷின் உண்டு. அது விடியும்வரை ஓட வேண்டும். அதற்காக வெல்டா இரவெல்லாம் ஜெனரேட்டரைப் போட்டு வைத்தாள். பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் கூடாது என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் ஆர்லோவுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். மெர்வின் பொறுக்கவில்லை.

மெர்வின் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவன். அவனுக்குக் காதுதான் சொத்து, காதுதான் வியாதி. "சத்தம் போடும் பிராணிகளுக்கு இடமில்லை" என்று பலகையில் எழுதி, வெல்டாவின் வாசலைப் பார்த்து நட்டு வைத்தான். அவள் அதன்மேல் பாத்திரம் துடைக்கும் துணியைக் காயப்போட்டாள். அவன் எல்லைக்கு வெள்ளையடித்து அடுக்கியிருந்த கற்கள்மேல் தினமும் காபிச் சக்கையைக் கொட்டினாள். அவன் நில அதிகாரியிடம் புகார் கொடுத்தான். அதிகாரி வந்து, இன்னொரு தடவை இரவில் சத்தம் கேட்டால் இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது ஒமாகாவிலிருக்கும் வெல்டாவின் மகள் ஜோலினின் காதுக்குப் போயிற்று. அவள் போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். மாதக் கடைசியில் வருவாள். அதற்குள் இரவெல்லாம் நிற்காத கரண்டுக்கு வழி செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைக் கையோடு கூட்டிப் போய்த் தன் வீட்டு அடித்தள அறையில் வைத்துக்கொள்வாள்.

"அந்த அறையில ஒரு ஜன்னல் கிடையாது," என்றாள் வெல்டா என்னிடம். "அங்க மெஷின் ஓடும், ஒடிலியா. ஆர்லோ ஓட மாட்டான்."

அப்படித்தான் அவள் இன்வெர்ட்டர் வாங்கினாள். பகலில் கூரைமேல் இருக்கும் சோலார் பலகைகள் பேட்டரிகளை நிரப்பும். இரவில் இன்வெர்ட்டர் அதை வீட்டுக் கரண்டாக்கி மெஷினுக்குக் கொடுக்கும். சத்தம் வராது. மாட்டுவதற்கு யாரையும் கூப்பிட மாட்டேன் என்றாள். பேருந்தின் அடியில் படுத்து வேலை பார்த்தவளுக்கு இது என்ன பெரிய காரியமா?

முதலில் இன்வெர்ட்டர் பெட்டியை ஆர்லோவின் கட்டிலுக்கடியில் வைத்தாள். பேட்டரிகளோ டிரெய்லரின் மூக்கில், வெளியே. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லிய வயரை இழுத்தாள். மெர்வின் தன் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான்.

"என்ன மகாராணி, நூல்லயே கரண்ட் இழுக்கிறீங்களா?"

"உன் நாக்கை இழுத்துக் கட்டியிருப்பேன். நீளம் போதும். ஆனா உள்ள சரக்கு இல்ல."

சுவிட்சைப் போட்டதும் பெட்டி கீச்சென்று அலறியது. வழியிலேயே கரண்ட் தேய்ந்துபோய்ப் பெட்டிக்குப் போதவில்லை. மெர்வின் கைதட்டினான். வெல்டா வயரை உருவி அவன் பக்கமாக எறிந்தாள்.

மறுநாள் பெட்டியைக் கழற்றி, பேட்டரிகளை ஒட்டியிருக்கும் முன்பக்கச் சாமான் அறையில் பொருத்தினாள். இந்தத் தடவை கட்டைவிரல் தடிமன் கேபிள், நடுவில் ஃபியூஸ். அந்தப் பொந்துக்குள் நான் டார்ச் பிடித்தேன். அவள் வாயில் வசவு, என் வாயில் ஜெபம். கடைசியில், கரண்ட் உள்ள முகாம்களில் வெளியே கம்பத்தில் சொருகுவார்களே, டிரெய்லரின் அந்தத் தடித்த வயரை எடுத்து இன்வெர்ட்டரிலேயே சொருகிவிட்டாள். வீட்டிலிருந்த அத்தனை பிளக்குக்கும் உயிர் வந்தது. ஆர்லோ கட்டிலில் உட்கார்ந்து மூடியை மாட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான்.

அன்றிரவு விடிவதற்கு முன்பே பேட்டரி காலி. மூச்சுத் திணறி எழுந்த ஆர்லோவை நிமிர்த்தி உட்கார வைத்து, வெளிச்சம் வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள் வெல்டா. மறுநாளும் அதேதான். பேட்டரியே கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கிப் போட்டாள். அதுவும் விடியலைப் பார்க்கவில்லை. கணக்குப்படி அந்தச் சின்ன மெஷினுக்கு மிச்சமே இருக்க வேண்டும். எங்கே போகிறது கரண்ட்? ஒவ்வொரு முடிச்சையும் கழற்றி மாட்டினாள். ஒன்றும் புரியவில்லை. ஜோலின் வரும் நாள் நெருங்கிவிட்டது. வெல்டா என்னைக்கூடத் திட்டத் தொடங்கினாள்.

ஒரு காலையில் மெர்வின் தன் வெள்ளைக் கற்களைத் தாண்டி, அவள் வாசலுக்கே வந்துவிட்டான்.

"ஜெனரேட்டரை அணைச்சுட்டேன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிச்சியே! அப்புறம் ராத்திரி முழுக்க எது உஸ்ஸு உஸ்ஸுன்னு சீறுது?"

"உன் மூக்கா இருக்கும்."

"என் மூக்கு என் முகத்துல இருக்கு. இது உன் வாசற்படிக்குப் பக்கத்துல, சுவத்துக்குள்ள இருந்து வருது. சின்னக் காத்தாடி சுத்துற சத்தம். விடியக்கால வரைக்கும் சுத்திட்டு நின்னுடுது. அதிகாரியைக் கூட்டிட்டு வரேன் இரு."

வெல்டா வாயைத் திறந்தாள். ஒரு நல்ல வசவு தொண்டைவரை வந்திருந்தது, எனக்கே தெரிந்தது. ஆனால் அது வெளியே வரவில்லை. அவள் மெர்வினைப் பார்த்தாள். வாசற்படியைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். பதில் கிடைக்காத மெர்வின் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினான்.

நான் உள்ளே போனபோது அவள் தரையில் மண்டியிட்டு, வாசலோரச் சுவரின் கீழ்த் தட்டியில் காதை வைத்திருந்தாள். அதற்குள்தான் டிரெய்லரோடு கூடவே வந்த பேட்டரி சார்ஜர் இருக்கிறது. வெளிக் கரண்ட் வந்தால் தானே விழித்துக்கொள்ளும். சூடானால் அதன் காத்தாடி சுற்றும்.

"இன்வெர்ட்டர்ல அந்தத் தடி வயரைச் சொருகினேன்ல? இது வெளிக் கரண்டுன்னு நெனச்சு முழிச்சுக்கிச்சு," என்றாள், தலையைத் தூக்காமலே. "தொட்டித் தண்ணிய மோட்டார் போட்டு இறைச்சு, அதே தொட்டியில ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்டி. மோட்டார் குடிச்சது போக என்ன மிஞ்சும்?"

எழுந்து சார்ஜரின் பிரேக்கர் சுவிட்சை மட்டும் கீழே தள்ளினாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இவன் வாயால எனக்கு இது தெரியணுமா? வேற ஆளே கிடைக்கலையா உன் சாமிக்கு?" என்று என்னைப் பார்த்து எரிந்து விழுந்தாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சூரியன் ஏறிய பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்தில் மூடியின் தடத்தோடு ஆர்லோ வெளியே வந்து தோசைக்கல் ரொட்டி கேட்டான். இனிப்புப் பாகு நிறைய ஊற்றி. வெல்டா மாவைக் கலக்கிக்கொண்டே கற்கள் பக்கம் போனாள்.

"யோவ்! ராத்திரி அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"காதை நல்லா தொடச்சுட்டுத்தான் சொல்றியா?"

"கேக்கலைன்னு சொல்றேன்ல!"

"அதை ஏன் கத்திச் சொல்ற? ஜனங்க தூங்குறாங்க."

அதற்குப் பிறகு இது தினமும் நடந்தது. அவன் எரிச்சலோடு பதில் சொல்வான். அவள் ஒரு வசவு கூட்டி வைத்துவிட்டுத் திரும்புவாள். ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. என்னையும் அவள் சொல்ல விடவில்லை. காபிச் சக்கையும் நிற்கவில்லை.

ஜோலின் சொன்னபடி வந்தாள். அப்பாவின் கம்பளிச் சட்டைகளை மடித்து வைக்கப் பெட்டியோடு வந்தாள். அன்றிரவு டிரெய்லரின் சோபாவிலேயே படுத்தாள். காலையில் எழுந்தபோது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, ஆர்லோவும் குறட்டையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். வெறும் பெட்டியைக் காரில் ஏற்றினாள்.

"அடுத்த தடவை வரும்போது கட்டளையை வீட்லயே வச்சுட்டு வா," என்றாள் வெல்டா. மகள் கார்க் கதவை அறைந்து சாத்தினாள்.

வெயில் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் வடக்கே கிளம்பினார்கள். ஆர்லோ அந்தக் கோடையில், தன் ஊரில், தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்று போய்ச் சேர்ந்தான். வெல்டா அதற்கப்புறம் டிரெய்லரைக் கோக்கவில்லை. அவன் ஆத்மாவுக்காக இன்னும் ஜெபமாலை சொல்கிறேன், அவளுக்காகவும்.

அவர்கள் கடைசியாக இங்கிருந்து கிளம்பிய அன்று ஆர்லோ முன்சீட்டில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தான். மெர்வின் தன் நாற்காலியை வேண்டுமென்றே அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தான். வெல்டா வண்டியைக் கிளப்பிவிட்டு, பிறகு நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள். குரலை அவள் தணித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அடுத்த குளிருக்கும் எனக்கு இதே இடத்தைப் பிடிச்சு வை, ஒடிலியா. அந்தச் சனியன் பக்கத்து இடம்தான் வேணும். அவன் காது நல்ல காது."