இருபத்து மூன்றாவது எறக்கம்

முச்சக்கர வண்டியின் பின் இருக்கையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, இருக்கை இருந்த இடத்தில் கிருஷாந்தன் குப்புறப் படுத்திருக்கிறான். கால்கள் இரண்டும் வெளியே நடைபாதையில் நீண்டு கிடக்கின்றன. போகிறவர்கள் தாண்டிப் போகிறார்கள். உள்ளே, புதிதாகப் பூட்டிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஒரு கிளாஸ் பால் விடாத பிளேன்டி. குடிப்பதற்கு அல்ல. பாட்டைப் போட்டுவிட்டு, தேநீரின் மேல் எத்தனை வளையம் எழுகிறது என்று மூக்கு முட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறான். "மூணுதான் வருது," என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. "நாலாவது வளையம் வரணும். எங்கயோ வயர் லூசு."

பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரக் கடை ஒன்றில் வாகனங்களுக்கு ஸ்பீக்கர் பூட்டுவது அவன் தொழில். வான், பஸ், முச்சக்கர வண்டி, ஒருமுறை ஐஸ்கிரீம் வண்டி. வயது இருபத்தொன்பது. எதைப் பூட்டினாலும் சோதித்துப் பார்க்க ஒரே ஆளின் பாட்டைத்தான் போடுவான்: தன்னுடையதை. "வேற பாட்டே இல்லையா தம்பி?" என்று கேட்டால், "இருக்குங்கண்ணே, ஆனா அதுல ஸ்பீக்கரோட சொகம் தெரியாது," என்பான். பாட்டு இரண்டாவது நிமிடத்தைத் தொடும்போது பக்கத்துப் பித்தளைக் கடையில் தொங்குகிற விளக்கெல்லாம் கிணுகிணுக்கும். அந்தப் பித்தளைக் கடை முதலாளி ஜமால்தீன் நானா எழுந்து வருவார். "டேய் மகன், இது பாட்டா? மாவரைக்கிற மெஷினுக்கு வகுத்து வலி வந்த மாதிரி ஈக்கிது." இப்படிச் சொல்வாரே தவிர, நிறுத்தச் சொன்னதில்லை.

அவன் செய்வது டப்ஸ்டெப். அந்தச் சொல்லையே அவனிடமிருந்துதான் கற்றேன். நான் கண்டியில் ஒரு சஞ்சிகைக்குப் பிழை திருத்துகிறவன். என் பழைய காரின் ரேடியோ ஊமையாகிப் போனதால் அந்தக் கடைக்குள் நுழைந்து, காது அடைத்துப் போய் வெளியே வந்தேன். இந்த இசையில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். உச்சியில் ஒரு கணம் எல்லாம் நிற்கும். பிறகு அடிவயிற்றைக் கலக்குகிற ஓர் உறுமலோடு தொப்பென்று கீழே விழும். உலகம் முழுக்க இவற்றுக்கு ஆங்கிலப் பெயர்கள் உண்டு. கிருஷாந்தனிடம் இருப்பவை இரண்டே சொற்கள்: ஏத்தம், எறக்கம். "கடுகண்ணாவ எறக்கத்துல பஸ்காரன் வேகமா ஒரு வளைவு எடுப்பான் பாருங்க சார், அப்ப வயித்துக்குள்ள ஒண்ணு கீழ எறங்கும்ல? அதத்தான் நான் செய்யிறேன்." அன்று முதல் அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

இணையத்தில் அவன் பெயர் 'லயம்'. சங்கீதம் தெரிந்தவர்கள் அது தாளத்தின் லயம் என்று நினைத்து மெச்சுகிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் மட்டும் சிரிக்கிறார்கள். அவன் அம்மா பிறந்தது பன்விலப் பக்கத்துத் தோட்ட லயம் ஒன்றில். வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து ஒற்றையறைக் காம்பரா, அவ்வளவுதான். கிருஷாந்தன் கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்த டவுன் பையன். தோட்டத்துக்குப் போனது கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும். இது பின்னால் அவனுக்கு வினையாக வந்தது.

எல்லாப் பாட்டும் இலவசம். வெள்ளிக்கிழமை தோறும் இல்லாவிட்டாலும், வெளியிடுவது வெள்ளிக்கிழமையில்தான். பாட்டுக்குக் கீழே, 'சும்மாதான், எறக்கிக்கங்க' என்று எழுதி வைப்பான். ஏன் சும்மா கொடுக்கிறாய் என்று கேட்டேன். "வெலை போட்டா வாங்கலாமா வேணாமான்னு யோசிப்பாங்க சார். யோசிச்சா இந்தப் பாட்டக் கேக்கவே மாட்டாங்க." இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் எந்த இசைக் கலைஞனிடமும் கேட்டதில்லை.

இருபத்திரண்டு பாட்டு வெளிவந்துவிட்டது. பதிவிறக்கியவர்கள் ஒன்றுக்கு முப்பத்தொரு பேர், இன்னொன்றுக்கு நாற்பத்தேழு பேர். இவர்களில் ஒருவர் போலந்துக்காரர். ஒரு பாட்டையும் விட்டதில்லை. அவரைக் கிருஷாந்தன் 'போலந்து மாமா' என்கிறான். "அந்த மனுசன் இல்லாட்டி நான் எப்பவோ விட்டுட்டு ஒழுங்கா தூங்கியிருப்பேன்." ஒரு வினாடி இரைச்சலைச் சரி செய்ய மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறான். அந்த இரைச்சல் எனக்குக் கேட்கவில்லை. அது போன பிறகும் வித்தியாசம் தெரியவில்லை. "ஒங்களுக்குப் பிழை தெரியிற மாதிரி எனக்கு இது தெரியுது சார்," என்றான்.

இருபத்து மூன்றாவது பாட்டுக்குத் தோட்டத்துச் சத்தம் ஒன்று வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆட்களை விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிடத் தப்புப் பறை அடிப்பார்களாம். அந்தக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். பன்விலயில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிற சித்தி மகள் சுதர்சினிக்கு, 'தப்பு சத்தம் கொஞ்சம் அனுப்பு' என்று செய்தி போட்டான். பதினொரு வினாடி ஒலிப்பதிவு வந்தது. அதை வெட்டி, ஒட்டி, சுழலவிட்டு, மூன்று மாதம் உழைத்து ஓர் உறுமலை அதன் நடுவில் இறக்கி, 'பெரட்டு' என்று பெயரிட்டு வெளியிட்டான்.

ஒன்பது நாளில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். கண்டி முச்சக்கர வண்டிக்காரர்களிடம் அது தொற்றுநோய் போலப் பரவியது. பேராதெனியச் சந்தியில் எங்கள் பஸ்ஸை உரசிக்கொண்டு போன வண்டி ஒன்றிலிருந்து அந்தத் தப்பு கேட்டபோது, கிருஷாந்தன் யன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, "மல்லி, அது நான்தான்! மமய்!" என்று தமிழிலும் சிங்களத்திலுமாகக் கத்தினான். கண்டக்டர் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை சுதர்சினியின் அழைப்பு வந்தது. கையில் வயர் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டான். கடையே கேட்டது.

"அண்ணே, நீங்க போட்டிருக்கிறது பெரட்டு தப்பு இல்லண்ணே. சாவு தப்பு."

"என்னாது?"

"பெரட்டு தப்பெல்லாம் இப்ப யாரு அடிக்கிறா? போன்லதான் மெசேஜ் வருது. நீங்க தப்பு சத்தம்னுதானே கேட்டீங்க? அன்னைக்கு ஒரு சாவுக்கு அடிச்சிக்கிட்டுப் போனாங்க, எடுத்து அனுப்பிட்டேன். நீங்க அத வச்சி டான்ஸ் பாட்டுப் போடுவீங்கன்னு கனவா கண்டேன்?"

நேற்று அவர்கள் தோட்டத்தில் ஒரு கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்தவர் மடவளையைச் சேர்ந்த ஷப்ராஸ் என்ற முச்சக்கர வண்டிக்காரர். பெண் வீட்டை நெருங்கும்போது மரியாதையாக இருக்கட்டும் என்று 'பெரட்டு'வைப் போட்டிருக்கிறார். லயத்துச் சனம் முழுவதும் வெளியே ஓடி வந்திருக்கிறது. பெண்ணின் தாய்மாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தோட்டத்துல எந்த டிவிசன்ல சாவு? யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஒரு கிழவி கூந்தலை அவிழ்த்து ஒப்பாரியையே தொடங்கிவிட்டாளாம். வரவேற்பு அமோகமாக இருக்கிறதே என்று மகிழ்ந்த ஷப்ராஸ் சத்தத்தை இன்னும் கூட்டியிருக்கிறார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாளாம், உயிரோடுதான் இருக்கிறானா என்று.

ஜமால்தீன் நானா சிரித்து இருமினார். நான் சிரித்தேன். கிருஷாந்தனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் சுதர்சினி மெதுவாகச் சொன்னாள்.

"அது பெரியதம்பி அண்ணனோட சாவுண்ணே. புஷ்பம் அக்கா வீட்டுக்காரர். அந்த அக்கா தெனமும் ரோட்டுல அதக் கேக்குது."

வயரைக் கீழே வைத்துவிட்டான். அன்று பகல் முழுக்க, சோதிக்க வந்த வண்டிகளுக்கு அவன் பாட்டே போடவில்லை. நானா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளன்று பன்வில பஸ்ஸில் ஏறினோம். என்னை அவன் கூப்பிட்டது துணைக்கு. நான் போனது எழுத. வத்தேகமை தாண்டும் வரை மன்னிப்பை ஒத்திகை பார்த்தான். 'பெரட்டு'வை அழித்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்றான். இன்னொரு வளைவு தாண்டியதும், இருபத்திரண்டு பாட்டு யாரும் சீந்தாமல் கிடந்து, முதன்முதலாக ஒன்று ஓடுகிறது, அதையா அழிப்பது என்று என்னையே கேட்டான். மடியில் மடிக்கணினிப் பையைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

புஷ்பத்துக்கு ஐம்பது வயதிருக்கும். சுதர்சினி எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டுப் போட்ட பையன் நீதானா? உக்காரு. டீ குடிக்கிறியா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. கதிரை நுனியில் உட்கார்ந்து, "அக்கா, சத்தியமா தெரியாதுக்கா. இன்னைக்கே எடுத்துர்றேன். எறக்கிக்கிட்டவங்ககிட்ட இருந்துதான் திருப்பி வாங்க ஏலாது," என்று ஒரே மூச்சில் சொன்னான்.

"எடுக்கிறது இருக்கட்டும். மொதல்ல போடு, கேப்போம். நான் கொழுந்து நிறுக்கிற நேரத்துல ஒரு ஆட்டோ போவும். கூடைய வச்சிட்டு நிப்பேன். அதுக்குள்ள வளைவுல திரும்பிரும். முழுசாக் கேட்டதே இல்ல."

போனை எடுத்தவன் தயங்கினான். "போன்ல பேஸ், அந்த அடிச் சத்தம், கேக்காதுக்கா." மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் இவனுக்கு இந்தக் கவலை! பையிலிருந்து பெரிய ஹெட்போனை எடுத்து, கொண்டை இடிக்காமல் அவள் தலையில் மாட்டினான். புஷ்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். இரண்டாவது நிமிடத்தில், "ஆத்தாடி!" என்று ஹெட்போனைப் பிடுங்கினாள். "என்னாடா இது, ஃபேக்டரி ரோலர்ல கல்லு மாட்டின மாதிரி?"

அதுதான் மூன்று மாத உழைப்பு. கிருஷாந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவளோ திரும்ப மாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். பிறகு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரே மழை. தப்பு நனைஞ்சி தொய்ஞ்சிருச்சு. கோயில் தாண்டுறதுக்குள்ள நிப்பாட்டிட்டாங்க. சுடுகாடு வரைக்கும் சத்தமே இல்லாமத்தான் கொண்டு போனோம், நாதியில்லாத பொணம் மாதிரி. அது எனக்கு மனசுல ஒரு கொறைதான் தம்பி. இதுல நிக்காம அடிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னா பேரு வச்சிருக்க?"

"பெரட்டுக்கா."

புஷ்பம் சிரித்துவிட்டாள். "அவருக்கா? முப்பது வருசத்துல ஒரு நாளாச்சும் நேரத்துக்குப் பெரட்டுக்குப் போயிருப்பாரா அந்த மனுசன்! கங்காணி கத்திக் கத்தித் தொண்டையே போச்சு." சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "பாட்ட எடுக்க வேணாம். நடுவுல கத்துது பாரு, அந்த மெஷின மட்டும் எடுத்துரு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உறுமலை எடுத்துவிட்டால் அது டப்ஸ்டெப்பே அல்ல. நாலாயிரம் பேர் பதிவிறக்கியது அதற்காகத்தான். பேரம் பேச ஆரம்பித்தான். "சத்தத்தக் கொறைச்சிர்றேங்கா." தலையாட்டினாள், வேண்டாமென்று. "பாதியா வெட்டிர்றேன்." அதுவும் வேண்டாம். "கடைசில ஒரே ஒருக்கா மட்டும் எறக்கிக்கிறேனே?"

"டிவிசன்ல ஒரு சாவுன்னா வேலையவே நிப்பாட்டிருவாங்க தம்பி," என்றாள் புஷ்பம், கோபமே இல்லாமல். "நீ ஒரு மெஷின நிப்பாட்ட மாட்டியா?"

கிருஷாந்தன் மடிக்கணினியைத் திறந்தான். முதலில் பழைய 'பெரட்டு'வைப் பக்கத்திலிருந்து எடுத்தான். அந்த நாலாயிரமும் திரையிலிருந்து போய்விட்டது. "போலந்து மாமாவுக்கு ஒண்ணும் வெளங்கப் போறதில்ல," என்று முணுமுணுத்தான். பிறகு உறுமல் இருந்த பகுதியைத் தேர்ந்து, ஒரே தட்டில் அழித்தான். அந்தப் பள்ளத்தில் தப்பை நீட்டிப் போட்டான். ஏத்தமும் இல்லை, எறக்கமும் இல்லை. தப்பு மட்டும் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருந்தது. ஒட்டிய இடம் ஒன்று அவன் காதுக்கு லேசாக இடறிற்று போலும். அதற்காக மட்டும் இருபது நிமிடம் எடுத்தான். புஷ்பம் கொடுத்த டீ ஆறிப் போனது.

"அண்ணன் பேரையே வச்சிர்றேங்கா. பேரு சரியா வரணும், நீங்களே சொல்லுங்க," என்றான்.

புஷ்பம் திகைத்தாள். அவள் வயதுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. செத்த பிறகும் சொல்வதில்லை. சுதர்சினி சொல்ல வாயெடுத்தாள். புஷ்பம் கையைக் காட்டி நிறுத்தினாள். "குடு, நானே எழுதுறேன்."

பாட்டின் பக்கத்தைப் போனில் திறந்து, தமிழ் எழுத்தை வரவழைத்துக் கொடுத்தான். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். முடித்ததும் ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்து, போனை அவனிடம் நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

'பெறியதம்பி.'

வல்லின றகரம். பிழை திருத்தி முப்பது வருடப் பழக்கம், என் விரல் தானாகத் திரையை நோக்கிப் போனது. கிருஷாந்தன் இடது கையால் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் வெளியிடும் பொத்தானைத் தட்டினான்.