எங்கள் வீட்டில் தினமும் தோசை

கடவுளுக்கு நான் முதன்முதலாகச் சபை நடுவில் நின்று நன்றி சொன்ன அன்று, சாயங்காலம் வரை அம்மா என்னோடு பேசவில்லை. நன்றி சொன்னதற்கு இப்படியும் ஒரு பலனா என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தோம். எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு ஹாலில் ஞாயிறு ஆராதனை நடக்கும். அம்மாதான் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். அந்தப் பதவியின் பெரிய வேலை பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாதம் ஒருமுறை அந்த டப்பாக்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அம்மா எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் கொட்டிக் கலந்து பைகளில் கட்டுவாள். மூன்றாவது சனிக்கிழமை, நகரத்திலிருக்கும் மற்ற பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர்களும் சேர்ந்துகொள்ள, ஒரு வேனில் மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவோம். அங்கே பெரியவர்களுக்குக் கண் பரிசோதனை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், துணையில்லாத பெண்களுக்கு அரிசி.

அண்டாவில் கையை முழங்கை வரை விட்டு அளைவதுதான் எனக்கு விளையாட்டு. சபையில் இருந்தவர்கள் எல்லாம் வேலைக்காக ஊர் ஊராக வந்தவர்கள். நாகர்கோவில் ஆன்ட்டி வீட்டு அரிசி சிவப்பாக, குண்டாக இருக்கும். ஹைதராபாத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் போடுவது பச்சரிசி. எங்கள் வீட்டில் புழுங்கல் பொன்னி. ஒரு பிடியைக் கையில் எடுத்து இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்று நான் பிரித்துச் சொல்வேன். வருகிறவர்களிடம் இந்த வித்தையைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன்.

குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, இரண்டு பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை பையை வாங்கிக்கொண்டவள் நகராமல் நின்றாள்.

"யக்கா, கோச்சுக்காதீங்க. இந்த அரிசி ஒன்னு வெந்தா ஒன்னு வேவாம கீது. சோறா கஞ்சியான்னே தெர்ல. ஒரே பேஜாரு."

அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் என்னதான் செய்கிறாள் என்று ஐக்கியத்தின் தலைவி ஆன்ட்டி கேட்டார்.

"இன்னா பண்றது? ஒரு புடி உளுந்து போட்டு, கவர்மெண்டு குடுத்த கிரைண்டர்ல ஆட்டிடுவேன். தெனம் தோசதான். புள்ளைங்க குஷியா துன்னுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஆராதனையில் தலைவி ஆன்ட்டி ஊழிய அறிக்கை வாசித்தபோது, குப்பத்துப் பிள்ளைகள் இப்போது தினமும் தோசை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஹால் முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. அவள் சொன்னது புகார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பா வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு லீவு என்று என்னிடம் சொன்னார்கள். தினமும் அவரே ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டதில் எனக்குக் கொண்டாட்டம். அவருடைய கம்பெனி ஒரே நாளில் பலரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தது என்பதெல்லாம் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். சேமிப்பு முழுவதும் வீட்டுக் கடன் தவணைக்கே போயிருக்கிறது. எங்கள் மாடிக்கு மேல்மாடியில் குடியிருந்த சபை மூப்பர் மாமாவிடம் மட்டும் அப்பா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் ஒருநாள் படிக்கட்டில் அம்மாவை நிறுத்தி, "கட்டுற பையில ஒண்ண நீங்க எடுத்து வச்சுக்குங்கம்மா. மத்த மூப்பர்கள்கிட்ட நான் சொல்லிக்கிறேன், பேரு சொல்லமாட்டேன்" என்றாராம்.

குப்பத்தில் பையை நீட்டுகிற கை அம்மாவுடையது. அதே கையால் ஒரு பையைத் தன் சமையலறைக்குள் எடுத்து வைக்க அவள் பெரும்பாடு பட்டாள். யாருக்கும் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் கேட்டுக்கொண்டது. இதில் அவள் மிகவும் பயந்தது எனக்குத்தான். சிவப்பும் வெள்ளையுமாகச் சோறு தட்டில் விழுந்தால் நான் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே சொல்லிவிடுவேன். அதனால் மீன்கார அக்காவின் வழியைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு என்ன தெரியும்? காலையில் தோசை, ராத்திரி தோசை. டிபன் பாக்ஸிலும் தோசை. பள்ளிக்கூடத்திலேயே அதிர்ஷ்டக்காரி நான்தான் என்று நினைத்தேன். அந்த மாதம் பெண்கள் ஐக்கிய ஞாயிறு வந்தது. பிள்ளைகளை வரிசையாக முன்னால் நிறுத்தி, ஆளுக்கொரு காரியத்துக்காக நன்றி சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் நல்ல மார்க், நல்ல சுகம் என்று சொன்னார்கள். என் முறை வந்ததும் நான் உரக்கச் சொன்னேன்: "எங்க வீட்ல இப்ப தினமும் தோசை. ரெண்டு வேளையும். அதுக்காக ஸ்தோத்திரம்."

எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்கிற எங்கள் சபை அன்று வாயே திறக்கவில்லை. வேனில் வந்து மீன்கார அக்காவின் தோசைக் கதையைக் கேட்ட பெண்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வீட்டிலேயே இருப்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? அம்மா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நாகர்கோவில் ஆன்ட்டி திடீரென்று, யாரும் கேட்காமலே, ஒரு பாட்டை எடுத்துப் பாட ஆரம்பித்தார். எல்லோரும் அவசர அவசரமாகச் சேர்ந்து பாடினார்கள்.

அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் தலைவி ஆன்ட்டி, "குப்பத்துல சமைக்கக் கஷ்டப்படுறாங்க. இனிமே டப்பால எல்லாரும் புழுங்கல் பொன்னி மட்டும் போடணும்" என்று அறிவித்தார். பொன்னியெல்லாம் ஒரு அரிசியா என்று எப்போதும் ஏளனம் செய்யும் நாகர்கோவில் ஆன்ட்டி, டப்பாவுக்கென்றே தனியாகப் பொன்னி வாங்கினார். நல்ல மனுஷிகள். ஆனாலும் மீன்கார அக்கா முகத்துக்கு நேராகச் சொன்னது பல மாதமாக ஒருவர் காதிலும் ஏறவில்லை, தங்களில் ஒருத்தியின் அடுப்புக்கு அது வரும்வரைக்கும். தன் காதிலும்தான் ஏறவில்லை என்று அம்மாவே சொல்வாள்.

அந்த மாதம் வேனில் போனபோது மீன்கார அக்கா பையைப் பிரித்துப் பார்த்து, "அட, இன்னாக்கா, இந்த தபா ஒரே அரிசியா கீது!" என்று வாய்கொள்ளாமல் சிரித்தாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று ராத்திரி எங்கள் தட்டிலும் அதே பொன்னி வெள்ளைச் சோறாக விழுந்தது. தோசை எங்கே என்றேன். இனிமேல் சோறுதான் என்றாள் அம்மா. நன்றி சொல்லப்போய்த்தான் கடவுள் தோசையை நிறுத்திவிட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஓவென்று அழ ஆரம்பித்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைப் பிடித்தபடியே என்னோடு சேர்ந்து அழுதாள். பாவம், அவளுக்கும் தோசைதான் ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.