வலது முட்டியின் கட்டு

காலை ஆறு ஐம்பது. கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில், மகளைப் பயிற்சிக்கு இறக்கிவிட மைதானத்துக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, ஈரப்புல்லில் உட்கார்ந்து வலது முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். பழுப்பு நிற எலாஸ்டிக் பட்டை. ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டே அடுத்ததைச் சுற்றினார். முடிந்ததும் எழுந்தார். எழுவதற்கு அவர் ஊன்றியது அந்தக் கட்டுப்போட்ட காலைத்தான்.

அது 1999 பிப்ரவரி. அவர் எங்கள் பிள்ளைகளின் கால்பந்து கோச். பிரான்ஸில் தொழில்முறைத் தடுப்பாட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய கோடையில் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றிருந்தது. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்களே நடத்திய அந்த கிளப் அவரை வேலைக்கு எடுத்ததற்கு அதுதான் முக்கியக் காரணம்.

"ஆனா இவர் ஜெயிச்ச டீம்ல இல்லையே?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம்.

"நீங்ககூடத்தான் இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடல. ஆபீஸ்ல வெள்ளைக்காரன் கேட்டா வாய் கிழியப் பேசறீங்கல்ல?" என்றாராம் இன்னொருவர்.

கமிட்டித் தலைவர் கோயம்புத்தூர்க்காரர். மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். கோச்சின் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் அவர் கையெழுத்தில் புதுப்பிக்கப்படும். ஒப்பந்தம் இருந்தால்தான் கோச்சுக்கு விசா.

நான் சென்னையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தவன். மனைவியின் வேலைக்காக வந்தேன். அவளைச் சார்ந்த விசாவில் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. பகலெல்லாம் காரும் நேரமும் கையில் இருந்தன. மார்ச்சில் கோச் தன் காரை எடுப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்து ஊரான மில்பிடாஸில் அவர் வாடகைக்கு இருந்த அறைக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன். வழியில் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே போவது பழைய தொழிலின் பழக்கம்.

வடக்குப் பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு செத்துப்போனார். இவர் இரண்டாம் டிவிஷனில் மூன்று கிளப்புகளுக்கு ஆடினார். ஒரே ஒரு பருவம் முதல் டிவிஷன். அதிலும் பெரும்பகுதி பெஞ்சில். இடைவேளையில் கிளப் டாக்டர் கணுக்காலில் ஊசி போட்டு, வலி தெரியாமல் திருப்பி அனுப்புவார். "வலி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வரும்" என்றார். செய்தித்தாளின் தலைப்பில் அவர் பெயர் வந்தது ஒரே முறை, சொந்த வலைக்குள் பந்தை அடித்த அன்று. நான் ஆச்சரியப்படவில்லை. தடுப்பாட்டக்காரனின் பெயரைத் தலைப்பில் போட எனக்கும் வேறு காரணம் கிடைத்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு மனைவி விலகிப் போனார். நியூஜெர்சியில் உள்ளரங்கக் கால்பந்து கிளப் ஒன்று பயிற்சியாளராக அழைத்தது. இரண்டு குளிர்காலத்தில் அது மூடப்பட்டது. பிறகு இங்கே.

ஏப்ரலில் ஒருநாள் கேட்டேன். "உங்கள் கார் கிளட்ச் வைத்த கார்தானே?"

"ஆமாம்."

"கிளட்ச்சை மிதிப்பது இடது கால். கட்டு வலது காலில் இருக்கிறது. எழும்போது நீங்கள் ஊன்றுவதும் அந்தக் காலைத்தான்."

கட்டுப்போட்ட முட்டியைத் தட்டிக் காட்டினார். பிறகு சொன்னார். அவர் ஆடிய காலத்தில் எதிரணி முன்வரிசைக்காரர்கள் முதலில் பார்ப்பது யாருக்கு எங்கே கட்டு என்பதைத்தான். கட்டு உள்ள இடத்தில் உதைப்பார்கள். அதனால் நல்ல காலில் கட்டுவார். "அவர்கள் உதைக்க வேண்டிய காலை நானே காட்டிவிடுவேன். பதினான்கு வருடம் அப்படித்தான் ஆடினேன்."

"இங்கே யாரும் உதைக்க மாட்டார்களே?"

"இங்கே பார்க்கிறார்கள்" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோடு ஓரத்தில் காபிக் கோப்பையோடு நிற்கும் அப்பாக்களின் பேச்சு காதில் விழும். "கோல் போடச் சொல்லித் தாங்கன்னா, கோல் விடாம இருக்கச் சொல்லித் தர்றார்." "அதைவிடுங்க, ஆளு ஓடவே மாட்டேங்கறாரே? விசில் ஊத நம்ம ஊர் பி.டி. மாஸ்டர் போதுமே."

டாக்டரிடம் போகச் சொன்னேன். மே முடியட்டும் என்றார். விட்டுவிடாமல், மில்பிடாஸில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஆட்களுக்கு முதல் வைத்தியம் அங்கேதான் நடக்கும். தயிர்சாதம் முடிந்ததும் எலும்பு டாக்டரான ஒரு அங்கிளைச் சுற்றி ஒரு வரிசை சேரும். ஒருத்தர் தோளைக் காட்டுவார், ஒருத்தர் அம்மாவின் எக்ஸ்ரேயைக் குழல்விளக்கில் பிடிப்பார்.

கோச்சின் முறை வந்தபோது கமிட்டித் தலைவர் பாயசக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தக் கால், கோச்?" என்றார் டாக்டர்.

அவர் வலது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். டாக்டர் கட்டை அவிழ்த்து, மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் முட்டி. என்னோடதைவிட தேவலை."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?" என்றார் தலைவர்.

"இல்லவே இல்லை. கோச், கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க, அவ்வளவுதான்."

கோச் சிரித்து, கை கொடுத்தார். காரில் ஏறும்போது இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தார். "தலைவர் பக்கத்தில் நின்றார். பார்த்தீர்கள் அல்லவா?" என்றார்.

மே இரண்டாம் சனிக்கிழமை அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆட்டம். கோச்சும் பிள்ளைகள் அணியில் ஆட வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஓடுகிறாரா என்று பார்க்கத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும். வழக்கம்போல வலது முட்டியில் கட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஓடினார். முதல் இருபது நிமிடம் ஒரு அப்பாவையும் அவர் தாண்டவிடவில்லை. என் மகள் கத்திக்கொண்டே இருந்தாள், "கோ கோச், கோ!"

ஆட்டம் தொடங்குமுன் அப்பாக்கள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். "கோச்சுக்கு ரைட் முட்டி வீக். யாரும் அந்தப் பக்கம் போய் இடிச்சுடாதீங்கப்பா, பாவம்." அதனால் பந்தோடு வந்தவர்கள் எல்லோருமே அவருடைய இடது பக்கமாக வந்தார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன்பு, வீட்டுச் செருப்பைவிடக் கொஞ்சம் மேலான காலணி போட்டிருந்த ஒருவர் பந்தைத் துரத்தி வந்து புல்லில் வழுக்கினார். அவருடைய பாதம் கோச்சின் இடது முட்டிக்கு மேலே பட்டது. பலமான அடி அல்ல. முதலில் எலும்பு முறியும் சத்தம்தான் கேட்டது. கோச் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து, தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால் தவறான திசையில் கிடந்தது.

"நான் ரைட் பக்கம் போகவே இல்லைங்க" என்று வழுக்கியவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். "டாக்டர் அங்கிள், நீங்க பாத்தீங்கல்ல? நான் அந்தப் பக்கமே போகல."

டாக்டர் அங்கிள் மண்டியிட்டு இடது தொடையைத் தொட்டார். கோச்சைப் பார்த்தார். "இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"குளிர்காலத்திலிருந்து" என்றார் கோச்.

மருத்துவமனையில் எடுத்த படத்தில் முட்டிக்கு மேலே எலும்பைப் புற்றுநோய்க் கட்டி அரித்திருந்தது. இது விபத்தில் முறிந்த எலும்பு இல்லை, முறிவதற்குக் காத்திருந்த எலும்பு என்றார் அங்கிருந்த மருத்துவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்த மாதம் கமிட்டி கூடவில்லை. ஜூலையில் இடது காலைத் தொடையின் நடுவே வெட்டி எடுத்தார்கள்.