காவல்காரர் சொல்லும் கடைகள்

கரமனையிலிருந்து ஆரியசாலைக்கு நடந்தே போவேன். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. வாசலில் தொங்கும் சாமானைப் பார்த்துத்தான் என்ன கடை என்று அறிந்துகொள்வேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

வழியில் ஒரு துணிக்கடை. அதன் காவல்காரர் மீசைக்கு மை பூசியிருப்பார். ஸ்டூலில் ஒரு காலை மடித்துப்போட்டே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ரவிக்கைத் துணி வாங்கப் போனேன். ஸ்டூல் காலி. வாசலில் ஒன்றும் தொங்கவில்லை, புதுக் கண்ணாடிக் கதவு. தள்ளிக்கொண்டு உள்ளே போனால், முகத்தில் சோப்பு நுரையோடு நாலு ஆண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். துணிக்கடை போய் சலூன் வந்திருந்தது.

வெளியே வந்தபோது அதே காவல்காரர் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“அம்மா, போர்டு வாசிச்சில்லையா?”

“வாசிச்சேன். எல்லாம் தெரியும்” என்றேன், தலை நிமிர்ந்து.

போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிதான் அம்மா. நேத்துதான் மாட்டினாங்க. எழுத்தும் ஒரு லட்சணமா இல்லை, கேட்டோ.”

அன்றிலிருந்து என்னைக் கண்டால், ரோட்டைப் பார்த்து உரக்கப் பேசுவார்: “பேக்கரி போச்சு, செருப்புக்கடை வந்தாச்சு! அதுக்கு அடுத்தது பல் டாக்டர்!”

அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை. “தெரியும், தெரியும்” என்று சொல்லிக்கொண்டே, அவர் முடிக்கும்வரை நடையை மெதுவாக்கிக்கொள்கிறேன்.